அக்காவின் முகம் இல்லாத வீடியோ

திருநீற்றுப் புதன் காலையில், நெற்றியில் பூசிய சாம்பல் காய்வதற்கு முன்பே, அத்தான் தன் வீடியோக் கடையில் இருந்த பெரிய தொலைக்காட்சியை ஊதாத் துணியால் மூடிவிடுவார். தவக்காலத்தின் கடைசி வாரங்களில் எங்கள் கோயிலில் புனிதர்களின் சுரூபங்களை மூடுகிற துணியில் மிஞ்சிய துண்டு அது. மற்ற நாட்களில் அந்தத் திரையில் யாருடையதோ கலியாணம் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்துக் கடைக்காரர் ஒவ்வோர் ஆண்டும் வந்து எட்டிப் பார்ப்பார்.

"என்ன, டீவியும் உபவாசமோ?"

"ஓம். எங்களை விட அதுதான் கூடப் பாவம் செய்தது" என்பார் அத்தான். இருவரும் சிரிப்பார்கள். அதோடு உயிர்ப்பு ஞாயிறு வரை அத்தான் படம் பார்க்கமாட்டார்.

அவர் என் அக்காவின் கணவர். திருகோணமலையில் கலியாணம், முதல் நன்மை, மரணவீடு எல்லாவற்றுக்கும் கமராவோடு போகிறவர். நான் பத்திரிகை நிருபர். தவக்காலம் தவிர்ந்த காலத்தில் புதுப் படம் வந்தால் இருவரும் மாலைக் காட்சிக்குப் போவோம். முடிந்ததும் கடற்கரை வழியே நடந்து வீடு திரும்புவோம். எனக்குக் கதை முக்கியம். அவருக்குக் கமரா எங்கே நின்றது என்பதுதான் முக்கியம். ஒருமுறை நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த ஒரு படத்தைப் பற்றி, "தாய் செத்த இடத்தில கமரா என்னத்துக்குக் கிட்டப் போனது? எட்ட நிண்டிருந்தா நானும் அழுதிருப்பன்" என்றார். கமரா கிட்டப் போவது பெரும்பாலும் எடுக்கிறவனின் அவசரம் என்பது அவர் கருத்து. அவருடைய தொழிலோ கிட்டப் போகச் சொல்லித்தான் அவருக்குக் கூலி கொடுத்தது.

எங்கள் பக்கத்து மரணவீடுகளில் வீடியோ எடுப்பது வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக. கனடாவில் இருக்கும் மகன், பாரிசில் இருக்கும் தங்கை, வர முடியாத எல்லோரும் முதலில் கேட்பது இறந்தவரின் முகத்தைத்தான். ஆகவே பெட்டியின் அருகே போய், முகத்தில் கமராவை நிறுத்தி, நெடுநேரம் எடுக்க வேண்டும். பிறகு வயலின் இசை சேர்க்க வேண்டும். தவக்காலத்தில் எங்களிடையே கலியாணம் நடப்பதில்லை, மரணம் நடக்கும். கடைத் திரை மூடியிருந்தாலும், வீட்டில் குசினிக்குப் பக்கத்து அறையில் அத்தான் அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருப்பார்.

அக்கா மருத்துவமாது. நகரத்திலும் பக்கத்து முஸ்லிம் ஊரான கிண்ணியாவிலும் பல ஆண்டுகள் பிள்ளைப்பேறு பார்த்தவர்; தாய்மாருக்கு அவர் 'மிஸி'. பணி முடிந்து வந்து தேநீர் வைக்கப் போகும்போது, அந்த அறையின் திரையில் யாரோ ஒருவரின் முகம் மூக்கில் பஞ்சோடு அசையாமல் நிற்கும். அத்தான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போயிருப்பார். "பிறக்கிற முகத்தை நான் பார்க்கிறன், போற முகத்தை இவர் பார்க்கிறார். வீட்டில நல்ல பங்கீடு" என்று அக்கா பகிடி விடுவார்.

நோய் வந்து உடம்பு கரையத் தொடங்கியதும் அந்தப் பகிடி நின்றது. கனடாவில் இருந்த ஒரே மகனோடு வீடியோ அழைப்பில் பேச மறுத்தார், குரல் மட்டும்தான். அகதி விண்ணப்பம் முடியாததால் அவனால் அந்த நாட்டைவிட்டு அசைய முடியவில்லை. ஒருநாள் பின்னேரம், நான் கட்டிலருகே கதிரையில் இருந்தபோது, அக்கா அத்தானிடம் சொன்னார்: "இஞ்சேருங்கோ, என்ர செத்த முகத்தை நீங்கள் எடுக்கக் கூடாது. வேற ஆரையும் எடுக்க விடவும் கூடாது. மூக்கில பஞ்சோட அவன் என்னைப் பார்க்கக் கூடாது." அத்தான் தலையாட்டினார். "தலையை ஆட்டாமல் வாயால சொல்லுங்கோ" என்றார் அக்கா. அவர் வாயால் சொன்னார்.

தவக்காலம் தொடங்கிய சில நாட்களில் அக்கா போய்விட்டார். அன்று காலையே மகன் அழைத்தான். தொலைபேசியைக் காதில் வைத்திருந்தவர் அத்தான் என்றாலும் அவன் குரல் எனக்கும் கேட்டது. "அப்பா, ஒரு வருசமா அம்மாட முகம் நான் காணேல்லை. வரவும் ஏலாது. ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுத்தனீங்கள். எனக்கு ஒருக்கா காட்டுங்கோ."

மரணவீட்டில் அவர் செய்ததை நான் முதலில் புரிந்துகொள்ளவில்லை. வாசலில் நின்று, கைபேசியில் படம் எடுக்க வேண்டாம் என்று வந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டார். எடுத்தவர்கள் இருந்திருக்கலாம், அனுப்பியவர்கள் இல்லை. தன் கமராவைப் பெட்டியின் தலைமாட்டில், அக்காவின் தலைக்குப் பின்னால், வருகிறவர்களைப் பார்த்தபடி நிறுத்தினார். யார் வந்து குனிந்தாலும் அவர்களுடைய முகம்தான் அதில் விழும். இப்படியே முழுநாளும் போனது. கடைசியில், எல்லோரும் முத்தம் கொடுத்து முடிந்து, பெட்டியை மூட மூடியைத் தூக்கியபோது, அத்தான் கமராவைக் கழற்றிக் கையில் எடுத்தார். கை தானாகக் கீழே திரும்பி அக்காவின் முகத்துக்குப் போனது. பழக்கப்பட்ட கை; சில வினாடிகள் அந்த முகம் பதிவானது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அந்தச் சில வினாடிகளைத்தான் அவர் தியானத்துக்குக் கொண்டுவந்தார். எங்கள் பங்குக் கோயிலின் ஆண்களுக்கான தவக்காலத் தியானம், கண்டி வீதியில் கப்பல்துறை என்ற ஊருக்குக் கிட்ட ஒரு மேட்டில் இருக்கும் தியான இல்லத்தில் நடக்கும். பேச்சில்லை, தொலைபேசியில்லை. விறாந்தையில் இருந்தால் மரங்களுக்கு அப்பால் துறைமுகத் தண்ணீர் ஒரு கோடாகத் தெரியும். சினிமாக் கொட்டகையிலும் தியான இல்லத்திலும் ஒரே வேலைதான் செய்கிறோம் என்று நான் அங்கே நினைத்ததுண்டு: வாயை மூடிக்கொண்டு, மற்றவர்களோடு ஒரே திசையைப் பார்த்து இருப்பது. வித்தியாசம், தியானத்தில் திரை வெறுமையாக இருக்கிறது. அதில் எதை ஓட்டுவது என்பது எங்கள் பொறுப்பு. அத்தானின் திரையில் ஓடியது எதுவென்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் விறாந்தையில் மௌனத்தை உடைத்தார்.

"தம்பி, பாதரிட்டப் போனனான்."

"என்ன சொன்னவர்?"

"செத்தவவுக்குக் குடுத்த சொல்லோ, இருக்கிற பிள்ளையின்ர கண்ணீரோ, எது பெரிசு எண்டு கேட்டன். கேள்வியை நல்லா எடிட் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறியள் எண்டு சிரிச்சார்." அத்தானும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "பிறகு கேட்டார், அந்த வீடியோத் துண்டில அவ இருக்கிறாவோ எண்டு. முகம் இருக்குது பாதர் எண்டன். நான் அதைக் கேக்கேல்லை எண்டார். அவ்வளவுதான். எழும்பி வந்திட்டன்."

மாலைச் செபத்துக்கு முன் அவரைச் சிற்றாலயத்தில் கண்டேன். சுரூபங்கள் எல்லாம் மூடியிருந்தன. சமையலுக்கு வரும் ஒரு பெண், மூடியிருந்த மாதாவின் முன் முழந்தாளிட்டு, துணியை நிமிர்ந்து பார்த்து அழுதுகொண்டிருந்தாள். அத்தான் பக்கவாட்டில் இருந்து மாதாவைப் பார்க்காமல் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் என் காதருகே சொன்னார்: "துணிதான் இருக்குது. ஆனா அவ துணியைப் பார்க்கேல்லை."

வீடு திரும்பிய அன்றே அந்தச் சில வினாடிகளை அழித்தார். என்னைக் கூப்பிட்டு இருத்திவிட்டுத்தான் செய்தார். சாட்சி தேவை என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு தலைமாட்டிலிருந்து எடுத்ததை மட்டும் வெட்டி இணைத்தார். வயலின் இல்லை. மின்விசிறியின் சத்தம், காகம், செபமாலை முணுமுணுப்பு. ஒருவர் பின் ஒருவராக முகங்கள் வருகின்றன, குனிகின்றன, பார்க்கின்றன, விலகுகின்றன. நானும் வருகிறேன். என் முகம் அப்படி ஆகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வீடியோ கனடாவுக்குப் போனது. மகனிடமிருந்து ஒரு வரி வந்தது: "அம்மா எங்க?" அதற்குப் பின் அவன் அழைக்கவில்லை. அத்தான் அழைத்தால் எடுக்கவில்லை. உயிர்ப்பு ஞாயிறு வந்து போனது. கடைத் தொலைக்காட்சியின் துணியை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. புதுப் படத்துக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. மனைவிக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றி மகனை இழந்துவிட்டேன் என்று அவர் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் தொலைபேசியை எப்போதும் சட்டைப் பையில், கோயிலில்கூட, வைத்துக்கொண்டு திரிந்தார்.

அது ஒரு ஞாயிறு காலை அடித்தது. பூசை முடிந்து நான் அவர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் தொலைபேசியை மேசையில் வைத்து ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"அப்பா, அந்தப் பச்சைச் சேலை, முக்காடு போட்ட உம்மா ஆர்?"

"கிண்ணியா ஆள். நாலு பிள்ளையும் கொம்மாட கையிலதான் பிறந்தது."

"எல்லாரும் அழுகினம். அவ மட்டும் குனிஞ்சு பார்த்திட்டுச் சிரிக்கிறா. திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தன். ஏன் சிரிச்சவ?"

அத்தான் தொலைபேசிப் பக்கம் குனிந்தார். "நானும் அண்டைக்குக் கேட்டனான். பிள்ளைப்பேறு நேரம் ஆரும் கத்தினா, கொம்மா ஒரு பக்கத்து உதட்டைக் கடிச்சுக்கொண்டு, புருவத்தைத் தூக்கிக்கொண்டு நிப்பாவாம். பெட்டியிலயும் அப்பிடியே கிடந்தவவாம். 'மிஸி இப்பவும் என்ன ஏசப் போற மாதிரித்தான் கெடக்கா' எண்டு சொல்லிப்போட்டுத்தான் அந்த உம்மா பிறகு அழுதவ."

மறுபக்கத்தில் அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அது சிரிப்பா அழுகையா என்று முதலில் பிரிக்க முடியவில்லை.

"ஓமப்பா," என்றான். "சோதனையில புள்ளி குறைய எடுத்துக்கொண்டு வந்தா எனக்கும் அந்த முகம்தான்."

இப்போது அத்தானும் இல்லை. மகனுக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. தகப்பனின் அடக்கத்துக்கு வந்து நின்றான். வீடியோ எடுக்க ஒழுங்கு செய்திருந்த பெடியன், "அண்ணை, முகத்தை எடுக்கவோ?" என்று அவனிடம் கேட்டான். அவன் பெட்டியைச் சுற்றி நின்ற எங்களைக் கையால் காட்டினான்.

"இவையளை எடுங்கோ."