மாடிக்காரியின் ஆறரை

பட்டன் அக்காவுக்குச் சர்க்கரை வியாதி வருவதற்கு ரொம்ப முன்னாலேயே பொறாமை வந்துவிட்டது. ஓரகத்தி கல்யாணமாகி மாடியில் குடிவந்த அன்றைக்கே வந்தது. அண்ணன் குடும்பம் கீழே, தம்பி குடும்பம் மேலே. மாடிக்காரி வீட்டில் நாலு பக்கமும் ஜன்னல். கீழே இவளுக்குப் பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் கண் தெரியும். வயிறு எரிய இது போதாதா?

பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் பட்டன் மிஷினில் உட்காருகிறவள் என்பதால் எல்லோருக்கும் இவள் பட்டன் அக்கா. சட்டையை ஊசிக்கடியில் வைத்து, காலால் ஒரு மிதி, உருவி எடுத்து அடுத்த சட்டை. பக்கத்து மிஷின்காரி நாலு சட்டை கூடப் போட்டுவிட்டாள் என்றால் போச்சு, சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். அப்படி ஒரு வீம்பு. அந்த வீம்போடு உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மிஷின் மேலேயே சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் அடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரை இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அந்த வியாதியாவது தனக்கே தனக்கென்று இருந்ததா? அடுத்த வருஷமே மாடிக்காரிக்கும் சர்க்கரை.

"இதுலயும் எனக்குப் போட்டியா வந்துட்டா பாருங்க" என்று புருஷனிடம் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இவள் சிரிக்கவில்லை.

மூன்று மாதச் சராசரி என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. அதன் ரிசல்ட் வந்ததும் மாடிக்காரி தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து நிற்பாள். மருந்துக்கடையில் பில் போடுகிறவள், பேச்சும் பில் மாதிரிதான், ஒரே வரி.

"மாமா, ஆறரை."

இவள் புருஷன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பலே! இப்படில்ல இருக்கணும்!" என்பார். அதோடு நிறுத்துவாரா? இவள் பக்கம் திரும்பி, "பாத்துக் கத்துக்கோ" என்பார். கத்துக்கணுமாம்! அப்புறம் அடுப்படியில் பாத்திரங்கள் பட்ட பாடு பாத்திரங்களுக்குத்தான் தெரியும்.

இவளுக்கு எட்டரை. ஆனால் இரண்டு பேரையும் பார்க்கும் டாக்டரம்மா இவளைத் திட்டவே இல்லை. அதுதான் இவளுக்கு இன்னும் ஆத்திரம்.

"எட்டுக்குக் கீழே மெதுவா வந்தாப் போதும்மா. உங்களுக்கு ஏற்கெனவே இதயத்துல அடைப்பு. சர்க்கரை ஒரேயடியா இறங்கினா அதுதான் ஆபத்து. வேர்வை, நடுக்கம், படபடப்பு வந்தா உடனே சர்க்கரையை வாயில போட்டுக்கங்க."

"என் ஓரகத்திக்கு மட்டும் ஆறரை சொல்லியிருக்கீங்க?"

"அவங்க உடம்பு வேற, உங்க உடம்பு வேறம்மா."

சுருக்கென்று தைத்தது. அவளுக்கு முதல் ரேங்க், எனக்குப் பாஸ் மார்க்கா? ஆபத்து கீபத்து எதுவும் காதில் ஏறவில்லை.

அன்றிலிருந்து ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினாள். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். புருஷன் கேட்டால், "கம்பெனியிலயே சாப்பிட்டேன்" என்று புளுகினாள். காலையில் ஒரு மாத்திரைக்கு இரண்டு மாத்திரை விழுங்கினாள். மாடிக்காரி கடையில் வாங்கினால் குட்டு உடைந்துவிடுமே! அதற்காக நாலு தெரு தள்ளிப் போய் வாங்கினாள். விரலில் குத்தி அன்றைய சர்க்கரையை மீட்டரில் பார்க்கும்போது நூற்றறுபது, நூற்றிருபது என்று எண் இறங்க இறங்க மனசு குளிர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. புருஷன் வெளியே போயிருந்தார். வெறும் வயிற்றில் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு துணி அலசிக்கொண்டிருந்தவளுக்குக் கை வெடவெடவென்று ஆடியது. ரவிக்கை தொப்பலாக நனைந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. மீட்டரை எடுத்துப் பார்த்தாள். ஐம்பத்துநாலு.

ஐம்பத்துநாலு! மாடிக்காரி ஜென்மத்தில் இப்படி ஒரு எண்ணைப் பார்த்திருப்பாளா?

சர்க்கரை டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. படுபாவி, அதைத் தொட்டாளா? தின்றால் எண் ஏறிவிடுமாம்! மீட்டரை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். கைப்பிடி வழுக்கியது. ஒவ்வொரு படியும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி பாரம். இன்னும் கொஞ்சம்தான், காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம் என்று ஏறினாள். உயிர் போகும் நேரத்திலும் போட்டி!

மாடிக்காரி கதவைத் திறந்தாள்.

"அம்பத்திநாலுடி" என்றாள் பட்டன் அக்கா, நாக்குக் குழற. அப்படியே வாசலில் சரிந்தாள்.

மருந்துக்கடைக்காரிக்குச் சொல்லியா தர வேண்டும்? "ஐயோ அக்கா!" என்று அலறிக்கொண்டு ஓடிப்போய்ச் சர்க்கரையைக் கரைத்து வந்தாள். தலையை மடியில் தூக்கி வைத்து, "முழுங்குங்க! முழுங்குங்கன்னு சொல்றேன்ல!" என்று கன்னத்தில் தட்டித் தட்டிப் புகட்டினாள். டாக்டரம்மாவைப் போனில் பிடித்தாள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார். ஆட்டோவுக்கும் சொன்னாள். மெல்ல மெல்ல நடுக்கம் அடங்கியது.

"எத்தனை மாத்திரை போட்டீங்க?"

"ரெண்டு."

"எதுக்குக்கா?"

"எல்லாம் உன் ஆறரையாலதான். ஒவ்வொரு தடவையும் வந்து சொல்லிக் காட்டுவியே, மகாராணி!"

மாடிக்காரி முந்தானையால் இவள் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"சொல்லிக் காட்டவா வந்தேன்? வேற யாருகிட்டக்கா நான் சொல்லுவேன்? உங்க கொழுந்தன் ஒரு நாளாவது எவ்ளோன்னு கேட்டிருப்பாரா? சட்டை தேய்ச்சியான்னு கேப்பாரு. நீங்க நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுந்தப்ப மாமா ஆஸ்பத்திரி வாசல்லயே கிடந்தாரு. அதைப் பாத்து எனக்கு என்ன வயித்தெரிச்சல் தெரியுமா? நமக்கும் ஒரு அடைப்பு வரக்கூடாதான்னு இருந்துச்சு."

தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுவாளா? அதுவும் இந்த மாடிக்காரியா?

கீழே ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது.

"எழுந்திரிங்க, போலாம்."

"இரு. நீ இன்னிக்குப் பாத்தியா?"

"எதை?"

"சர்க்கரையைத்தான். எவ்ளோ?"

"நூத்திப்பத்து" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் மாடிக்காரி அழுதுவிட்டாள்.

அதைக் கேட்டதும் பட்டன் அக்காவுக்கு வயிறு எரியத்தான் செய்தது. இத்தனை வருஷப் பழக்கம் ஒரு நாளில் போய்விடுமா? அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இனிமே தினமும் எங்கிட்ட சொல்லு. எனக்கு எரிஞ்சா எரியட்டும், நீ சொல்லு."