சோடாக் கடையில் எனக்கு வைத்த பெயர்

வல்லக்கோட்டை போகும் வழியில் ஒரு சோடாக் கடை இருக்கிறது. பின்னால் தகரக் கொட்டகையில் சோடா தயாராகும். முன்னால் நாலைந்து பெஞ்சு. கடைக்காரருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஷிப்ட் விட்டதும் சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் வேலை செய்யும் காது கேளாதவர்கள் எல்லாம் அங்கே கூடிவிடுவார்கள். ஒரு கையில் இஞ்சி சோடா, மறு கையில் ஊர்க்கதை. சாயங்கால வெயில் பாட்டில்கள் வழியே பச்சையாக விழும். பேசும் கைகளின் நிழல் சுவரெல்லாம் அலையும். பார்த்துக்கொண்டே இருப்பேன், நேரம் போவதே தெரியாது.

"அந்த ஊமைக் கடையில இன்னாக்கா பண்ணிக்கினு கீற?" என்று கம்பெனியில் என்னோடு லைனில் நிற்கிற ஒருத்தி கேட்டாள்.

"உன்ன மாதிரி தொணதொணக்க அங்க ஆளில்ல. அதான் போறேன்."

எனக்கு மூக்கு நுனியில் கோபம். சொன்னதும் பொய்தான். அவர்களைப் போல வாயாடிகளை நான் பார்த்ததில்லை. ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் வேறு. கன்னத்தில் விரலைக் குத்திக் காட்டினால் கன்னக்குழி விழுகிறவள். கட்டைவிரலால் கோலியை அழுத்துவதுபோல் காட்டினால் கடைக்காரர். எனக்கு மட்டும் பெயர் இல்லை. காது கேட்கிற விருந்தாளிக்கு யார் பெயர் வைப்பார்கள்? அதில் எனக்கு உள்ளூர வருத்தம்.

ஒருநாள் பாட்டிலைத் திறந்தேன். கோலி இறங்கியது, நுரை பொங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. வீட்டில் "எத்தினி வாட்டி கூப்புடுறது? காது அடைச்சிக்கினு கீதா?" என்று கேட்டபோதெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன். நான் வேலை செய்யும் பிரஸ் ஷாப்பில் மிஷின் தகடு அடிக்கும் இரைச்சல் என் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கடையில் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் லைட்டை அணைத்துப் போடுவார்கள். மழைக்கு முந்தின ஒரு சாயங்காலம் லைட் அணைந்து எரிந்தது. எல்லோரும் சுவிட்சைத் திரும்பிப் பார்த்தோம். அங்கே ஆளே இல்லை. கரண்ட்தான் விளையாடியிருக்கிறது. கடையே குலுங்கிச் சிரித்தது.

கடைக்காரர் மட்டும் என்னையே பார்த்தார். கரண்ட் மினுக்கினால் காது கேட்கிறவர்கள் இப்படிச் சுவிட்சைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்; நான் பார்த்திருந்தேன். தன் காதைத் தொட்டு, புருவத்தை உயர்த்தினார். நான் தலையாட்டினேன்.

அவர் சிரிக்கவும் இல்லை, உச்சுக்கொட்டவும் இல்லை. என்னைப் போலவே முகத்தைச் சுளித்து, புருவங்களுக்கு நடுவே விரலால் ஒரு கோடு இழுத்தார். பெஞ்சில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்து அதே கோட்டை இழுத்தார்கள்.

சிடுமூஞ்சி. அதுதான் இனி என் பெயர். கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.