சிசிடியா, சிமாஸா?

கேமரா விற்பது சுலபம். அதற்குள் இருக்கும் சென்சாரை விளக்குவதுதான் ஆளைக் கொல்லும் வேலை. கடைக் கவுண்டரில் நாள் முழுக்க நின்று பேசியவர்களுக்கு என் தொண்டைவலி புரியும். பிலிம் ஓய்ந்து டிஜிட்டல் வந்த வருசங்களில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கேமராக் கடையில் நான் வேலைக்கு நின்றேன். பிலிம் இருந்த இடத்தில் இப்போது நகம் அளவு சில்லு, அதுதான் சென்சார். அதில் சிசிடி, சிமாஸ் என்று இரண்டு ரகம். எது நல்லது என்று கேட்காத ஆளே கிடையாது.

முதலாளியின் விளக்கம்

வந்த புதிதில் சிமாஸ் மட்டம். கொஞ்சம் இருட்டானாலும் படம் புள்ளி புள்ளியாக வரும். சிசிடியே வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். நாலைந்து வருசத்தில் பெரிய கேமராக்களில் சிமாஸ் வந்து உட்கார்ந்துகொண்டது. பேட்டரியும் குறைவாகத் தின்றது. நானும் அதையே வாங்கச் சொன்னேன். என் பேச்சை நம்பிய வத்தலக்குண்டு ஸ்டுடியோக்காரர் நேரில் வந்து, அன்றைக்கு ஆகாதது இன்றைக்கு எப்படி நல்லதாச்சு என்று கேட்டார். அவர் போனபின் முதலாளி காதர் பாய் சொன்னார்: "கடையில இருக்குறத நல்லதுன்னு சொல்லுங்க தம்பி, இல்லாததப் பத்தி நமக்கென்ன?"

சாயம்

சின்னாளப்பட்டி சுங்கடிச் சேலை வியாபாரி ஒருவர், ஒரே சேலையை இரண்டு ரகக் கேமராவிலும் எடுக்கச் சொன்னார். அரக்குச் சிவப்பு ஒன்றில் ஆரஞ்சாக வந்தது, இன்னொன்றில் ரோஸாக. சென்சார் மட்டும் காரணமில்லை, தலைக்கு மேலே எரிகிற ட்யூப்லைட்டும் காரணம் என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அதெல்லாம் கெடக்கட்டும் அப்பு, எந்தக் கேமராவுல சாயம் போகாது?"

கிடாய்

அய்யலூர் ஆட்டு வியாபாரி, வெளியூர்க்காரருக்குக் காட்ட, ஓடுகிற கிடாயை எங்களிடம் வாங்கிய சிமாஸ் கேமராவில் வீடியோ எடுத்திருக்கிறார். சிமாஸ் படத்தை வரிவரியாக, மேலிருந்து கீழே வாசிக்கும். கேமராவை வேகமாகத் திருப்பினால் நேராக நிற்பதெல்லாம் சாய்ந்து தெரியும். கால் கோணல் என்று வெளியூர்க்காரர் வேண்டாமென்றுவிட்டார்.

மறுநாள் இவர் கிடாயையே ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நான் குனிந்து நாலு காலையும் பார்த்தேன். குறையே இல்லை. வாசலில் நிற்கவைத்து, கேமராவை ஆட்டாமல் புதிதாக எடுத்துக் கொடுத்தேன். கிளம்பும்போது அவர் சொன்னது: "என் கெடா நல்லாத்தான் ஓடுச்சு, ஒங்க கேமராதான் நொண்டி."

கோடு

ஆரோக்கியமேரி டீச்சருக்கு நான்தான் சிசிடி கேமராவைத் தேர்ந்து கொடுத்தேன். ஒன்றரை வருசம் கழித்து ஒரு வீடியோவோடு வந்தார். கிறிஸ்துமஸ் பூசையில் அவர் கணவர் தனியாக நின்று பாடிய வீடியோ அது. பிப்ரவரியில் கணவர் தவறிவிட்டார். அவர் பாடுவதாக வேறு வீடியோ எதுவும் வீட்டில் இல்லை.

வீடியோவில் அவர் தலைக்கு மேலே பெரிய விளக்கு. பளிச்சென்ற வெளிச்சம் பட்டால் சிசிடியில் மேலிருந்து கீழ்வரை வெள்ளைக் கோடு விழும். அது சரியாக அவர் முகத்தின் நடுவே விழுந்திருந்தது. அழிக்க முடியுமா என்று டீச்சர் கேட்டார். கம்ப்யூட்டரில் இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். கோட்டை எடுத்தால் மூக்கும் வாயும் சேர்ந்து போயின. "நான்தான் டீச்சர் இதை வாங்கச் சொன்னேன், மன்னிச்சிருங்க" என்றேன். டீச்சர் முழுப் பாட்டையும் கவுண்டரிலேயே நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "இருக்கட்டும் சார், குரல்ல கோடு விழலயே."

இத்தனை வருசம் சென்சாருக்கும் சென்சாருக்கும் வித்தியாசம் சொல்லியே தொண்டை கெட்டது, ஆனால் என்னிடம் கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரியவேண்டியது சென்சார் இல்லை.