நிலாவுல இறங்காத மூணாவது ஆள்

ஏர்கூலர்ல வெக்கற புல்லு நனைஞ்ச வாசனையும் ஃபெவிகால் வாசனையும் ஒண்ணா வந்தா போதும்... எனக்கு நிலா ஞாபகம் வந்துடும்.

டெல்லி மயூர் விஹார்ல எங்க அபார்ட்மென்ட் சொசைட்டி ஹால். தொண்ணூறுகளோட கடைசி. ஜூலை மாசப் புழுக்கம். ஞாயித்துக்கிழமை தமிழ் கிளாஸ் எடுத்த வசந்தா ஆன்ட்டி, அந்த வருஷ விழாவுக்கு "குறள் ஒப்பிச்சது போதும்"னு முடிவு பண்ணி, நிலாவுல முதல்ல இறங்கினவங்க கதையை நாடகமா போட்டாங்க. அவங்க இறங்கினதும் ஒரு ஜூலை மாசம்தானே!

மூணு பேர் போனாங்க இல்லையா... ரெண்டு பேர் இறங்கினாங்க. மூணாவது ஆள் இறங்காம, கப்பல்லயே நிலாவைச் சுத்திக்கிட்டு இருந்தார். கூகுள் பண்ணாம அவர் பேரைச் சொல்லுங்க பார்ப்போம்!

அந்த மூணாவது ஆள் நான்.

"உனக்குத்தான்டி ழ ஒழுங்கா வருது. நீ கப்பல்லயே இருந்து கதையைச் சொல்லு. அவனுங்க வாயைத் திறந்தா மானம் போயிடும்"னாங்க ஆன்ட்டி. அவனுங்கன்னா ஆனந்த், ரோஹித். ரெண்டு பேரும் எங்க பிளாக் பசங்க. தமிழ் வசனத்தை ஹிந்தி எழுத்துல எழுதி வெச்சு மனப்பாடம் பண்ற கேஸ். எங்கம்மா நாகர்கோவில் பக்கம், வீட்ல தமிழ் தவிர வேற பேச விட மாட்டாங்க. அதனால எனக்குத் தமிழ் வந்தது. தமிழ் வந்ததால நிலா போச்சு. என்ன நியாயம் இது!

அழுகை அழுகையா வந்தது. நிலான்னா என்ன பெரிய நிலா... ஒரு திவான் கட்டில், மேல வெள்ளை பெட்ஷீட், சாம்பல் பெயின்ட் அடிச்ச நாலஞ்சு தெர்மோகோல் பாறை. ஆனாலும் ஒரு தடவை அதுமேல ஏறி நிக்கணும். அதை அம்மா பார்க்கணும்.

அம்மா நர்ஸ். விழா அன்னிக்குக் காலை டியூட்டி.

"எறங்குனா என்ன, எறங்காட்டி என்ன மக்ளே... நீ பேசுகத நான் மொத வரிசையில இருந்து கேப்பேன். மத்தியானம் ரிலீவர் வந்ததும் ஓடி வந்துருவேன்."

ரிலீவர்னா அடுத்த ஷிஃப்ட் நர்ஸ். அவங்க வந்து பொறுப்பை வாங்கிக்கிட்டாத்தான் அம்மா வார்டை விட்டு வெளிய காலெடுத்து வைக்க முடியும். அப்பா ஆபீஸ் டூர்ல. அதனால எனக்குன்னு வர வேண்டியது அம்மா மட்டும்தான்.

எங்க கப்பல், இடுப்பளவுக்கு வெட்டின, அடியில்லாத ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டி. நான் அதுக்குள்ள நின்னு, ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டு, திவானைச் சுத்தி நடந்துக்கிட்டே கதை சொல்லணும். ஒவ்வொரு சுத்துலயும் வாசலைப் பார்த்தேன். அம்மா இல்ல...

பசங்க ஸ்கூட்டர் ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு திவான் மேல ஏறினாங்க. அதுவரைக்கும் ரிகர்சல்ல நான் சொன்ன வசனம், "இதோ, மனிதன் நிலவில் கால் வைத்துவிட்டான்!" விழா அன்னிக்குக் காலைல வசந்தா ஆன்ட்டியோட வீட்டுக்காரர் அதை இலக்கியத்தரமா திருத்திக் குடுத்திருந்தார்.

நான் கணீர்னு சொன்னேன்: "இதோ, நிலவில் மனிதனின் முதல் காலடி!"

ஆனந்த் ஒரு செகண்ட் முழிச்சான். அவனுக்கு 'கால்' தெரியும். 'அடி' ரொம்ப நல்லாவே தெரியும், வீட்ல தினமும் வாங்கறவன். கால்... அடி... அச்சா!

விட்டான் பாருங்க ஒரு உதை. தெர்மோகோல் பாறை பறந்து போய் முன்வரிசையில சீஃப் கெஸ்ட் மடியில விழுந்தது.

ஹாலே சிரிச்சது. ஆனந்துக்கு என்ன தப்புன்னே புரியல. என் பக்கம் திரும்பி, "யார், கர் ஜானா ஹை"ன்னு ஹிந்தியில சின்னக் குரல்ல சொன்னான். வீட்டுக்குப் போகணுமாம். ரோஹித் சிலை மாதிரி நின்னான். வசந்தா ஆன்ட்டி தலையில கை வெச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க.

அப்ப நான் பெட்டியோட முன்பக்கத்தைத் தூக்கி, அடியில ஒரு காலை வெளிய போட்டுட்டேன். நிலா ரெண்டடி தூரத்துல. தடுக்க ஆளே இல்ல...

ஆனந்த் என்னையே பார்த்துக்கிட்டிருந்தான். நான் காலை உள்ள இழுத்துக்கிட்டேன்.

"ஏறுங்கடா... பூமிக்குப் போலாம்."

ரெண்டு பேரும் இறங்கி ஓடி வந்து, குனிஞ்சு உள்ள நுழைஞ்சாங்க. மூணு பேரும் இடிச்சுக்கிட்டு, பெட்டியைத் தூக்கிக்கிட்டு மேடையை விட்டு வெளிய நடந்தோம். பின்னாடி ஒரே கைத்தட்டல்.

அம்மா வந்தப்ப ராத்திரி ஆயிடுச்சு. ரிலீவர் வரவே இல்லையாம், ரெண்டாவது ஷிஃப்டும் சேர்த்துப் பார்த்திருக்காங்க. யூனிஃபார்மைக் கூட மாத்தாம, "எனக்கு ஒருக்கா செஞ்சு காட்டு மக்ளே"ன்னு சோபால உக்காந்தாங்க. நான் செவுத்தைப் பார்த்துத் திரும்பிக்கிட்டேன். ரெண்டு நாள் பேசல. அந்த மூணாவது ஆள் மேல கூட கோபம் வந்தது... அவ்வளவு தூரம் போயும் எப்படிய்யா உன்னால இறங்காம இருக்க முடிஞ்சதுன்னு.

அவரை இப்ப நல்லா புரியுது. கீழ போன ரெண்டு பேரும் திரும்பி வர்ற வரைக்கும் அவருக்கு வேற எந்த நினைப்பும் இருந்திருக்காது.

நான் இப்ப குர்கான்ல வேலை பார்க்கறேன். போன வாரம் என் பொண்ணு ஸ்கூல்ல இருந்து விழாவுக்கு லைவ் லிங்க் அனுப்பினாங்க. என்ன வசதி பாருங்க... ஆபீஸ் சீட்ல இருந்தே பார்த்துக்கலாம், ரெக்கார்டும் ஆயிடும். எங்க நாடகத்துக்கு ஒரு போட்டோ கூட கிடையாது.

"நான் நேர்ல வரட்டுமாடா?"ன்னு கேட்டேன்.

"லிங்க் இருக்கேம்மா. இட்ஸ் ஓகே"ன்னா. சும்மா சொல்லல, நிஜமாவே ஓகேதான் அவளுக்கு.

எனக்குத்தான் மனசு ஆறல. அம்மா எப்படியும் வந்துடுவாங்கன்னு நான் அன்னிக்கு முழுசா நம்பினேன், அதான் ரெண்டு நாள் பேசாம இருந்தேன். இவளுக்கு என் மேல கோபப்படக் கூடத் தோணல.