பறக்கவிட ஒரு பறவை

செல்லப் பிராணிக் கடை வேலை என்றால் நாள் முழுக்க நாய்க்குட்டியைக் கொஞ்சுவது என்று நினைப்பவர்கள், ஒரு நாள் வந்து எங்கள் கூண்டுகளைக் கழுவிப் பார்க்கலாம். எந்தக் கடையானாலும் சரி, கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று வயிறெரிந்தவர்கள் எல்லாம் நம் ஆட்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். திருவண்ணாமலையில் எனக்கு இது ஆறாவது வருஷம்.

பிரசாதம்

வேங்கிக்காலில் புதுவீடு கட்டியவர் ஒருவர் தங்கமீன் நாலு வாங்கினார். ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகைத் தீனி போதும் என்று மூன்று தடவை சொன்னேன். தலையை ஆட்டினார். மூன்றாம் நாள் நாலையும் கேரி பேக்கில் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார். தொட்டித் தண்ணீர் கஞ்சியாகிவிட்டதாம். என்ன போட்டீங்க என்று கேட்டதும் அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

"கோயில் பொங்கல்தாம்மா போட்டேன். பிரசாதம் துன்னா மீன் சாவுமா? நோஞ்சான் மீனா குடுத்துட்டுப் பேசாத!"

கம்மி

லவ் பேர்ட்ஸ் கூண்டில் ஒரு குஞ்சைத் தாயே கொத்தி ஒதுக்கிவிட்டது. காலில் ஒரு விரல் போய்விட்டது. அதனால் கம்மி என்று பேர் வைத்தேன். அடி அண்ணாமலையில் இருக்கும் என் வீட்டுக்கும் கடைக்குமாக அதை ஒரு டப்பாவில் வைத்து ஷேர் ஆட்டோவில் அலைந்தேன். ஊசியில்லாத சிரிஞ்சில் கூழ் ஊட்டினேன். பச்சை இறக்கை முளைத்த பிறகு என் தோளைவிட்டு இறங்காது. எனக்கும் அதன்மேல் உயிர். ஒரு கூண்டு வாங்கியதும் வீட்டுக்கே கொண்டுபோகிறேன், விற்றுவிடாதீங்க என்று முதலாளியிடம் கெஞ்சினேன்.

"எடுத்துக்கோ, யாரு வாணான்னாங்க? வெரல் கம்மியா இருக்கிறத எவன் வாங்கப் போறான்?"

பரிகாரம்

பௌர்ணமி நெருங்கினால் எங்கள் கடைக்குத் தனிக் கூட்டம் வரும். கூண்டுப் பறவையைக் கிரிவலப் பாதையில் பறக்கவிட்டால் தோஷம் போகும் என்று ஜோசியர் சொல்லியிருப்பார். கிளி விற்கச் சட்டம் இடம் தராது, ஆகவே லவ் பேர்ட்ஸ் கேட்பார்கள். கூண்டிலேயே பிறந்தது, வெளியே இரை தேடத் தெரியாது, செத்துப்போகும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரு அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"விடறதோட எங்க வேல முடிஞ்சுதும்மா. அதுக்கப்புறம் அது பாடு, அண்ணாமலையார் பாடு."

சாப்பாட்டு நேரம்

போன பௌர்ணமியன்று நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கம்மி இல்லை. பிள்ளைக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது என்று ஒரு புருஷன் பெண்டாட்டி அவசரமாக வந்தார்களாம். அதை ஏன் கொடுத்தீங்க என்று முதலாளியைக் கேட்டேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கூண்டுல கைய விட்டா எல்லாம் பறந்து அடிச்சிக்குது. அது மட்டும் தானா வந்து வெரல்ல ஏறிக்கிச்சு. நான் என்ன பண்ண?"

மறுநாள்

காலையில் கடையைத் திறக்கும்போதே, நேற்றுப் பறவை வாங்கினோம் என்று அந்தத் தம்பதி வாசலில் நின்றார்கள். கம்மியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றுதான் ஓடினேன். கையில் ஒன்றுமில்லை. அந்தப் பெரியவர் முகம் நிறையக் கவலை.

"மூணு வாட்டி தூக்கிப் போட்டோம்மா, மூணு வாட்டியும் என் தோள்லயே வந்து குந்திக்கிச்சு. நாலாவது வாட்டி காக்கா கொத்திட்டுப் போயிடுச்சு. பரிகாரம் செல்லுமா, இல்ல வேற ஒண்ணு வாங்கி விடணுமா?"

இப்போதெல்லாம் நான் கையில் வளர்க்கும் குஞ்சுகளுக்குக் கூழ் ஊட்டிய கையோடு ஒரு தட்டுத் தட்டி, மனுஷனைக் கண்டால் பயந்து ஓடவும் சொல்லித்தருகிறேன்.