அம்மாவின் சின்ன கேமரா

சடக்...

அம்மாவின் பெரிய கேமராவை நினைத்தால் முதலில் வருவது அந்தச் சத்தம்தான். உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழும்பித் திரும்பவும் படுக்கிற சத்தம். கல்யாண வீட்டில் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் அது தனியாகக் கேட்கும். கேட்டதும் பெண்கள் எல்லாரும் முக்காட்டை இழுத்துவிட்டு விறைப்பாக உட்கார்ந்துவிடுவார்கள்.

எங்கள் ஆம்பூரில் முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபர் போக முடியாது. அதனால் அம்மாவைக் கூப்பிடுவார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்தே பிளாஷ் பையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போவேன். அங்கே யாருக்கும் என் பேர் தெரியாது.

"ஏ சின்ன போட்டோ, பிரியாணி சாப்ட்டியா? கம்மியா சாப்ட்டா உங்கம்மாவ மாதிரியே ஒல்லியா போய்டுவ!"

படம் எடுப்பதைவிட அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடிக்கும். பிலிம் ரோல்களை எந்தக் கடையிலும் கொடுத்துவிட்டு வர மாட்டாள் அம்மா. பஸ் பிடித்து வேலூர் போவோம். அங்கே ஒரு லேபில் முதலாளியின் மனைவியே மிஷினில் உட்கார்ந்து எங்கள் ரோலைக் கழுவிப் பிரிண்ட் போடுவார். ஆண்கள் யாரும் எட்டிப் பார்க்காதபடி அம்மா கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். பிரிண்டுகள் சூடாக வெளியே வரும்... கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன்.

மறுநாள் கல்யாண வீட்டுக்குப் போய் பிரிண்டோடு நெகட்டிவையும் மொத்தமாகக் கொடுத்துவிடுவோம். மற்ற போட்டோகிராபர்கள் நெகட்டிவைத் தாங்களே வைத்துக்கொள்வார்கள். பெண்கள் பக்கத்துப் படங்களுக்கு அது ஆகாது. கல்யாணப் பெண்ணின் அம்மா ஒரு நெகட்டிவ் துண்டை டியூப்லைட் பக்கம் தூக்கிப் பார்ப்பார்.

"அய்யே, முடியெல்லாம் வெள்ளையா... பேய் மாதிரி இருக்கா எம் பொண்ணு!"

சிரிப்பு அடங்கியதும் எல்லாம் பீரோவுக்குள் போய்விடும். வெறும் பையை ஆட்டிக்கொண்டு நாங்கள் நடந்தே வீட்டுக்கு வருவோம். அத்தனை வருஷம் அம்மா எடுத்த படங்களில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை.

இப்போது நான் பிளஸ் டூ. பெரிய கேமராவின் கனத்தில் அம்மாவுக்குக் கழுத்து வலி அதிகமாகிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கி வந்தார். இதில் கண்ணாடியே கிடையாதாம். அதனால்தான் கைக்குள் அடங்குகிறது. சடக் என்ற சத்தமும் இல்லை, மெல்லிசாக ஒரு டிக் மட்டும்.

"இத்தன வருஷமா கிளிக் பண்ற அந்த நேரம் மட்டும் கண்ணாடி எழும்பி எனக்கு இருட்டாயிடும்டி. இன்னா எடுத்தேன்னு லேபுக்குப் போனாத்தான் தெரியும். இப்ப ஒடனே தெரியுது," என்றாள் அம்மா, குழந்தை மாதிரி.

புதுக் கேமராவோடு போன முதல் கல்யாணம் ஒரு காலாவின் வீட்டில். காலா என்றால் அவர்கள் பேச்சில் சித்தி, பெரியம்மா மாதிரி. பேர் எழுத மாட்டேன். அவர் சரி என்றால்தான் அந்தத் தெருவில் யாரும் அம்மாவைக் கூப்பிடுவார்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எந்தக் கல்யாணத்திலும் பெண்கள் பக்கம் அம்மாவை உள்ளே விட மாட்டார்கள்.

"இன்னா போட்டோக்காரம்மா, கேமராவ வூட்லயே வச்சிட்டு பாப்பாவோட பொம்மைய எடுத்தாந்துட்டியா?"

காலா இப்படிக் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் சத்தமே இல்லாததால் யாரும் விறைப்பாக உட்காரவில்லை. கல்யாணப் பெண்ணின் வாயில் அவள் தங்கை ஒரு முழு குலாப்ஜாமூனைத் திணிக்க, கண்ணை மூடிக்கொண்டு, மருதாணிக் கையால் வாயைப் பொத்தியபடி அவள் சிரிக்கிறாள்... அம்மா அதை எடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கையால எடுத்ததுலயே இதான்டி."

வழக்கம் போல வேலூர் லேபில் போட்ட பிரிண்டுகளை இன்று கொடுக்கப் போனோம். காலா கையை நீட்டினார்.

"நெகட்டிவ் எங்க?"

"இதுல நெகட்டிவ் இல்லக்கா. இந்தாங்க," என்று படங்கள் இருந்த நகம் அளவு மெமரி கார்டை அம்மா அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

காலா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ்ளோதானா? கம்ப்யூட்டர்ல இன்னொரு காப்பி இருக்கும்னு எம் புள்ள சொல்றானே."

அம்மா தயங்கவே இல்லை. ஆட்டோ வைத்துக் காலாவை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தாள். அவர் கண்ணெதிரே எல்லாப் படங்களையும் டெலீட் செய்தாள்.

"எல்லாம் போச்சா?"

"எல்லாம் போச்சுக்கா."

காலா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த மாசம் என் நாத்தனா பொண்ணுக்குக் கல்யாணம். நீதான் வரணும்."

டெலீட் செய்தது எங்கேயும் போகாது, கம்ப்யூட்டரின் குப்பைக்கூடையான ரீசைக்கிள் பின்னில்தான் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. அங்கேயே சொல்லியிருந்தால் அம்மா ஏமாற்றுகிறாள் என்று காலா நினைத்திருப்பார்.

அம்மா தூங்கிய பிறகு கம்ப்யூட்டரைப் போட்டேன். எல்லாம் அப்படியே இருந்தது. அந்தச் சிரிக்கிற படமும். அதை மட்டும் எடுத்து எங்கேயாவது ஒளித்து வைக்கலாமா? அம்மா எடுத்ததில் ஒன்றே ஒன்றாவது எங்கள் வீட்டில் இருக்கட்டுமே... மவுஸ் அதன் மேலேயே நின்றது.

பிறகு மொத்தத்தையும் காலி செய்தேன்.

ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டேன். காகிதத்தைக் கசக்குவது போல ஒரு சத்தம் வந்தது. அம்மா புரண்டு படுத்தாள். எழுந்திருக்கவில்லை. பயம் இன்னும் போகாமல்தான் இதை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த நாட்களில் நெகட்டிவைக் கொடுத்தால் கொடுத்ததுதான். வீடு சுத்தமாகிவிடும், நானும் நிம்மதியாகத் தூங்குவேன். இப்போது கொடுத்த பிறகும் எங்கேயோ மிச்சம் இருக்கிறது.

எல்லாம் போச்சு என்று காலாவிடம் அம்மா சொன்னது இன்று சாயங்காலத்திலிருந்து நான் காலி செய்யும்வரை மட்டும் பொய்யாக இருந்தது. அது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.