குடியிருந்த வீட்டில் ஓர் இரவு

வெனிஸுக்கு வந்து இறங்குகிறவர்களுக்குத் தங்கும் வீட்டைக் காட்டிக் கொடுப்பதுதான் ஒந்தீனாவின் பிழைப்பு. பெயர் எழுதிய அட்டையைப் பிடித்தபடி படகுத்துறையில் நிற்பாள். பெட்டிகளை இழுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்த மாத்திரத்தில் யாருக்கு எத்தனை பாலம் ஏற மூச்சு இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கைக்குழந்தைக்காரர்களைச் சுற்றுவழியில் கூட்டிப் போவாள். வீட்டுக்குள் விட்டு, வெந்நீர் எப்படி வரும், குப்பையை எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும், கொசுவுக்கு எந்த ஜன்னலைச் சாத்த வேண்டும் என்றெல்லாம் சொல்லிச் சாவியைக் கொடுப்பாள். அவர்கள் கிளம்பிப் போனதும் படுக்கை விரிப்பை உருவி, கழிப்பறை கழுவி, அடுத்து வருகிறவர்களுக்குத் தயார் செய்வதும் அவள்தான். அவள் பொறுப்பில் பதினோரு வீடுகள் இருந்தன. எல்லாமே ஒருகாலத்தில் யாரோ குடும்பம் நடத்திய வீடுகள். அப்படிக் குடியிருந்தவர்களில் பாதிப் பேரை அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

அவள் குடியிருந்தது காஸ்தெல்லோ பகுதியில், சாந்தானா கால்வாயை ஒட்டிய சந்தில், இரண்டாம் மாடியில். முப்பத்தொரு வருடம் அங்கேதான். கணவர் தூல்லியோ பயணிகள் படகில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துறைக்குத் துறை கயிறு வீசிக் கட்டி, கம்பிக் கதவைத் தள்ளித் திறந்து, ஆட்கள் இறங்கி ஏறியதும் கயிற்றை அவிழ்த்துவிடும் வேலை. எழுபது வயதில் அவருடைய இதயம் தளர்ந்துபோயிருந்தது. ஆனாலும் காலையில் இருபத்தெட்டுப் படிகளையும் இறங்கிவிடுவார். எலியோவின் கடையில் ஒரு சின்னக் கிளாஸ் வைன், வெங்காயத்தோடு காடியில் ஊறிய மத்தி மீன் ஒரு துண்டு, நாலு பேரோடு வாய்ச்சண்டை. அதற்காகவே அவர் உயிரோடு இருந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை. பிள்ளைகள் இல்லை. ஒந்தீனாவும் எலியோவின் கடையும்தான் அவருக்கு இருந்த சொந்தம்.

வீட்டுக்காரக் கிழவி இறந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்காது. மிலானிலிருந்து அவளுடைய மருமகன் முறைப் பையன் வந்தான். லுதோவிகோ என்று பெயர். நல்ல மாதிரியாகத்தான் பேசினான். கேக் வாங்கி வந்திருந்தான்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. ஒப்பந்தம் மே மாசத்தோட முடியுது. அதுக்கப்புறம் வீட்டைச் சுற்றுலாக்காரங்களுக்கு விடலாம்னு இருக்கேன்."

"நாங்க எங்கப்பா போவோம்? இவருக்கு உடம்பு முடியலையே."

அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "நீங்களே இந்தத் தொழில்லதானே இருக்கீங்க? உங்களுக்குத் தெரியாத வீடா இந்த ஊர்ல!"

தெரியாத வீடு இல்லைதான். ஆறு மாதம் தேடினாள். வேலை முடிந்த கையோடு, சோப்பு வாடை போகாத கைகளோடு படி ஏறி இறங்கினாள். ஒரு வீட்டை மாணவர்களுக்கு மட்டும்தான் தருவார்களாம். இன்னொன்று ஜூன் வரைக்கும்தானாம். ஜூனில் சுற்றுலாக்காரர்கள் வந்துவிடுவார்களாம். ஒரு தரைத்தள வீட்டில் சுவர் இடுப்பளவுக்குப் பச்சை பிடித்திருந்தது. "வெயில் வந்தா காய்ஞ்சிடும்" என்றார் உடையவர். எந்த வெயில் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அரசாங்க வீட்டுக்கும் எழுதிப் போட்டாள். அவர்களுக்கு முன்னால் பெரிய வரிசை இருந்தது.

மாலையில் அவள் சாவிக்கொத்தை மேஜையில் போடும் சத்தத்துக்குத் தூல்லியோ தலை நிமிர்வார்.

"என்னடீ, பதினோரு வீட்டுச் சாவி இடுப்புல தொங்குது. நமக்குப் படுக்க ஓர் இடம் இல்லையா?"

"ராணின்னா அப்படித்தான். அரண்மனை நிறைய இருந்தா எதுல படுக்கறதுன்னு தெரியாது."

அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

கடைசியில், தீவு நகரத்தைக் கரையோடு இணைக்கும் நீளப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தரைப்பகுதியில், மெஸ்த்ரேயில் கிடைத்தது. நான்காம் மாடி. லிஃப்ட் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ஒரு பல்பொருள் அங்காடியின் கார் நிறுத்துமிடம். லிஃப்ட் இருப்பதால் அவருக்குச் சௌகரியம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் தூல்லியோ கீழே இறங்குவதையே விட்டுவிட்டார்.

"இறங்கி எதுக்குப் போறது? காரை எண்ணவா?"

முதல் மாதம் ஒருமுறை மட்டும் பேருந்து பிடித்து, படகு மாறி எலியோவின் கடைக்குப் போய் வந்தார். போய்ச் சேரவே நண்பகல் ஆகிவிட்டது. திரும்பி வந்து நாற்காலியில் சரிந்தபடியே சொன்னார்: "அவங்க எல்லாரும் பேசிட்டிருந்தாங்க. நான் கடிகாரத்தையே பாத்துட்டிருந்தேன், பஸ் போயிடுமேன்னு. கடிகாரம் பாத்துக் குடிக்கிறவன் விருந்தாளி ஒந்தீனா. இனிமே போகல."

அடுத்த ஏப்ரலில், ஒந்தீனாவுக்கு வேலை கொடுக்கும் தெபோரா புதிதாக ஒரு வீட்டைப் பட்டியலில் சேர்த்தாள். முகவரியை ஒந்தீனா இரண்டு முறை படித்தாள்: அவள் முப்பத்தொரு வருடம் குடியிருந்த வீடு. தெபோரா இளம்பெண், பழைய கதையெல்லாம் தெரியாது. "பக்கத்துச் சந்துலயே உங்களுக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்கே, வசதியா இருக்கும்னு பாத்தேன்" என்றாள்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முடியாது என்று சொன்னவர்களுக்கு மறுமாதம் வேலை குறைவதை ஒந்தீனா பார்த்திருந்தாள். போனாள். கதவைத் திறந்து, செய்ய வேண்டிய வேலையைச் செய்தாள். பூட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதாள். கணவரிடம் மூச்சு விடவில்லை.

அவள் அந்தச் சந்துக்குள் போவதைப் பார்த்த எலியோ, தொலைபேசியில் போட்டு உடைத்துவிட்டான். அன்று சாயங்காலம் தூல்லியோ கேட்டார்:

"நம்ம வீட்டுக்குப் போறியாமே?"

"ம்."

"எப்படி இருக்கு?"

அவர் முகத்தில் பல மாதமாகக் காணாத ஒரு வெளிச்சம். அதைப் பார்த்தபின் அவளுக்கு உண்மை சொல்ல நா எழவில்லை. "அப்படியேதான் இருக்கு" என்றாள்.

"சமையலறைத் தரை? அந்தச் சிவப்பும் வெள்ளையும்?"

"அப்படியே."

"குளியலறைக் கதவு இன்னும் சிக்குதா?"

"சிக்குது. நான் முழங்காலால ஒரு தள்ளு தள்ளுவேன்."

அவர் சிரித்தார். அன்றிலிருந்து தினமும் இரவுச் சாப்பாட்டின்போது அந்த வீட்டைப் பற்றிக் கேட்பார். அவள் சொல்வாள். எதிர்வீட்டு நோர்மா மேஜைத்துணியை ஜன்னலில் உதறியதையும், மழைநீர்க் குழாய் ஒழுகியதையும் சொல்வாள். நோர்மா எப்போதோ மகளோடு த்ரெவீஸோவுக்குப் போய்விட்டிருந்தாள். பொய்களைக் கேட்கக் கேட்க அவர் நன்றாகச் சாப்பிட்டார். மருத்துவர்கூட, "என்ன, தேறிட்டாரே" என்றார். ஒந்தீனாவுக்குப் பயமாக இருந்தது.

டிசம்பரில் அவர் கேட்டேவிட்டார். "ஒரே ஒரு ராத்திரி. குளிர்காலத்துல ஆள் வரமாட்டாங்கல்ல? சுற்றுலாக்காரன் மாதிரியே வரேன். தொப்பி போட்டுக்கறேன்."

"படி ஏற முடியாது தூல்லியோ."

"உக்காந்து உக்காந்து ஏறுவேன்."

தட்டிக்கழித்துப் பார்த்தாள். குளிர் என்றாள், மூடுபனி என்றாள். அவர் விடவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தாள். எட்டு மாதப் பொய்யை எந்த முனையிலிருந்து பிரிப்பது என்று தெரியவில்லை.

தெபோரா மறுக்கவில்லை. ஆனால் யார் தங்கினாலும் அடையாள அட்டை பதிவாக வேண்டும். இரண்டு அட்டைகளையும் வாங்கிப் பார்த்தவள், "பிறந்த ஊர் வெனிஸ், ரெண்டு பேருமே! வெனிஸ்காரங்க வெனிஸ்ல ரூம் போடறதை இப்பதான் பாக்கறேன்" என்று சிரித்தாள். பிறகு ஒந்தீனாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினார்கள். தூல்லியோ சவரம் செய்து, கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டார். படகில் கயிறு பிடித்து நின்றவன் அவரிடம் தொழில் பழகியவன்.

"தூல்லியோ அண்ணே! எங்க இந்தப் பக்கம்?"

"ஊர் சுத்திப் பாக்க வந்தேன்டா. நல்ல தங்குமிடமா இருந்தா சொல்லு."

"ஐயோ அண்ணே, உங்களுக்குக் கட்டுப்படியாகாது!"

படகே சிரித்தது. ஒந்தீனா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எலியோவின் கடை சாத்தியிருந்தது. விடுமுறை, பிப்ரவரியில் திறப்போம் என்று கதவில் சீட்டு. "பரவால்ல, காலையில பாத்துக்கலாம்" என்றார், சீட்டைச் சரியாகப் படிக்காமல். சந்தில் ஓர் ஆள்கூட இல்லை. படியில் நாலு இடத்தில் உட்கார்ந்தார். அவர் உதடு நீலமாகியிருந்தது. கடைசிப் படியில் ஒந்தீனா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தூல்லியோ, உள்ள கொஞ்சம் மாத்தியிருக்காங்க" என்றாள். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

கதவு திறந்தது. சமையலறைச் சுவரே இல்லை. சிவப்பும் வெள்ளையுமான தரைமீது சாம்பல் நிறப் பலகை ஓடியது. அவர்கள் சாப்பிட்ட இடத்தில் பெரிய கட்டில் கிடந்தது. படுத்த இடத்தில் அடுப்பு இருந்தது. சுவரில் கோந்தோலாப் படகின் கறுப்பு வெள்ளைப் படம். பக்கத்தில் நாலு மொழியில் வீட்டு விதிகள்.

தூல்லியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றார்.

"தரை அப்படியே இருக்குன்னு சொன்னே."

"ஆமா."

"எவ்வளவு நாளா சொல்றே?"

"ஏப்ரல்லருந்து."

அவர் தலையாட்டினார். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். இருவரும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்கள். பிறகு குளியலறைக்குப் போக எழுந்தவர், பழக்கத்தில் இடது பக்கம் நடந்துபோய் ஓர் அலமாரியில் மோதிக்கொண்டார். அலமாரியைக் கையால் தடவிப் பார்த்தார். அவள் எழுந்துபோய் அவர் தோளைப் பிடித்து வலது பக்கம் திருப்பினாள். அந்த வேலையை அவள் தினமும் வேறு யாருக்காவது செய்துகொண்டுதான் இருந்தாள்.

இருட்டுவதற்கு முன் ஜன்னலைத் திறந்து, "நோர்மா!" என்று கூப்பிட்டார். எதிர்வீட்டு ஜன்னல்களின் பலகைக் கதவுகள் சாத்தியிருந்தன. கீழே சந்தில் போய்க்கொண்டிருந்த ஓர் இளம்ஜோடி நின்று நிமிர்ந்து பார்த்தது. அந்தப் பெண் கைபேசியைத் தூக்கி அவரைப் படம் எடுத்தாள், கை அசைத்தாள்.

"உள்ளூர்க்காரன்னு நினைச்சுட்டாங்க" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினார்.

வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்த மத்தி மீனை அவர் தொடவில்லை. படுத்ததும் அவள் பக்கம் திரும்பவும் இல்லை.

காலையில் அவள் எழுந்தபோது அவர் கோட்டு போட்டு, பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஒந்தீனா முன்னால் போய் நின்றாள்.

"நீ சந்தோஷப்படுவேன்னுதான் சொன்னேன்" என்றாள்.

"தெரியும். உன்மேல தப்பில்ல." நிதானமாகத்தான் சொன்னார். "முந்தாநாள் வரைக்கும் இந்த வீடு எங்கிட்ட இருந்துச்சு ஒந்தீனா. கண்ணை மூடினா உள்ள போயிடுவேன். கார் சத்தம்கூடக் கேக்காது. இப்ப கண்ணை மூடினா இந்தப் பலகைதான் வருது. அதையும் குடுத்துட்டேன் போல."

மூன்று மணிக்கு அடுத்த ஆட்கள் வருவதாக இருந்தார்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்க, தாங்கள் படுத்த விரிப்பை உருவினாள், புதிய விரிப்பைப் போட்டு முனைகளை இழுத்துச் செருகினாள், கழிப்பறை கழுவினாள். பிறகு படி இறங்கினார்கள்.

அதன்பின் இரவுச் சாப்பாட்டில் அவர் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் அவளாகவே, "சந்துல இன்னிக்கு..." என்று தொடங்கினாள். "வேணாம்" என்றார். அவ்வளவுதான். கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாத்திரைகளை நாக்குக்கடியில் வைத்திருந்து துப்பிவிடுவது பிப்ரவரி கடைசியில்தான் அவளுக்குத் தெரிந்தது. சண்டை போட்டாள், கெஞ்சினாள். பிறகு அவள் எதிரில் விழுங்கினார். எதிரில் இல்லாதபோது என்ன செய்தார் என்று தெரியாது.

மார்ச்சில் ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் காலை, அவள் படகுத்துறையில் ஒரு குடும்பத்துக்காகக் காத்திருந்தபோது தொலைபேசி வந்தது. "உடனே வாங்க" என்பதற்கு மேல் செவிலி எதுவும் சொல்லவில்லை. அதே நேரம் படகு வந்து, இரண்டு குழந்தைகளோடும் ஐந்து பெட்டிகளோடும் அவர்கள் இறங்கி, அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். வழி தெரியாதவர்கள். அவள் அவர்களைச் சுற்றுவழியில் கூட்டிப்போய், வெந்நீரைக் காட்டி, குப்பைக் கிழமையைச் சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவள் போவதற்குள் அவர் முகத்தை மூடியிருந்தார்கள். அந்தச் சுற்றுவழியை அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தெபோராவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: அந்த வீட்டுச் சாவியை மட்டும் வேறு யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். தெபோரா அவளைக் கட்டிக்கொண்டு, "கண்டிப்பா" என்றாள். சொன்னபடி வேறு ஒருத்தியைப் போட்டாள். ஈஸ்டர் வாரம் வந்தது. ஊரில் கூட்டம். அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

"வேற வழியில்ல ஒந்தீனா. கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சாவியை நீட்டினாள் தெபோரா.

ஒந்தீனா வாங்கி வளையத்தில் கோத்துக்கொண்டாள். இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.